வாசகர் கேள்வி – பதில்: பெட்டியைத் திறக்கும் உரிமை யாரிடம்?

கேள்வி: எங்கள் கல்லூரியில் விவாதப் போட்டி நடக்கப்போகிறது. தாக்குதல் ஹெலிகாப்டர் தேவைப்படும் ஒரு நாடு, சந்தையில் இருப்பதை இப்போதே வாங்கிவிட வேண்டுமா, அல்லது இன்னொரு நாட்டோடு கூட்டுச் சேர்ந்து உருவாக்கப் பணம் போட வேண்டுமா என்பது தலைப்பு. நான் 'வாங்கலாம்' கட்சி. எவ்வளவு தயார் செய்தாலும் எனக்கே பாதி நம்பிக்கைதான் வருகிறது. ஹெலிகாப்டர் பராமரிப்பில் இருபது வருஷத்துக்கு மேல் இருந்தவர் நீங்கள். நீங்கள் எந்தப் பக்கம் நிற்பீர்கள், ஐயா?
— ஒரு கல்லூரி மாணவி

பதில்: பாதி நம்பிக்கை வருகிறது என்றால் விஷயத்தைச் சரியாகப் பிடித்திருக்கிறீர்கள் என்று அர்த்தம், அம்மா. முதலில் ஒரு சம்பவம் சொல்கிறேன்.

ஹெலிகாப்டரில், என்ஜினின் சுழற்சியை மேலே சுழலும் விசிறிக்குக் கொண்டுபோகும் கியர்பாக்ஸுக்கு அடியில் சுண்டுவிரல் அளவில் ஒரு காந்தத் திருகு இருக்கும். சிப் டிடெக்டர் என்போம். எண்ணெயோடு சுற்றி வரும் இரும்புத் துகள் அதில் ஒட்டிக்கொண்டால், விமானியின் கண் முன்னால் எச்சரிக்கை விளக்கு எரியும். ஒரு நாள் காலையில் அந்த விளக்கு எரிந்து ஒரு ஹெலிகாப்டர் பாதியில் திரும்பி வந்தது. நான்தான் திருகைக் கழற்றி வெள்ளைத் துணியில் துடைத்துப் பார்த்தேன். மாவு மாதிரிப் பொடி என்றால் பயமில்லை, எந்தக் கியரும் தேயத்தான் செய்யும். அன்றைக்குத் துணியில் கிடந்தது வெட்டிப்போட்ட நகத்துண்டு மாதிரி இருந்தது. பளபளவென்று, லேசாக வளைந்து. உள்ளே ஒரு பேரிங் உரிந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். எந்தப் பேரிங் என்றுகூட எங்கள் சீனியர் சொல்லிவிட்டார்.

ஆனால் அந்தக் கியர்பாக்ஸ் பெட்டியை நாங்கள் திறக்க முடியாது. தயாரித்தவர் போட்ட முத்திரை அதில் இருந்தது. முத்திரை உடைந்தால் அந்தக் கியர்பாக்ஸ் பறக்கும் தகுதியை இழந்துவிடும். ஆகவே அதை இறக்கி, மரப்பெட்டியில் அடைத்து, கடல் தாண்டி அனுப்பினோம். திரும்பி வர ஏழு மாதம் ஆனது. அதுவரை அந்த ஹெலிகாப்டர் ஹேங்கர் மூலையில் நின்றது. நிற்கிற வண்டிதானே என்று அதிலிருந்து பம்பைக் கழற்றி இன்னொன்றுக்குப் போட்டோம், பிறகு ஒரு ஜெனரேட்டர், பிறகு ஒரு ரேடியோ. கியர்பாக்ஸ் வந்து இறங்கியபோது, பொருத்திப் பறக்கவிட இன்னும் பதினோரு பாகம் குறைவாக இருந்தது.

அன்றிலிருந்து யார் என்னிடம் "வாங்குவதா, செய்வதா?" என்று கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எந்த வழியில் போனாலும் அந்தப் பெட்டியைத் திறக்கும் உரிமை கடைசியில் யாரிடம் இருக்கும்?

சரி, உங்கள் கட்சிக்கு வருவோம். வாங்குவதற்கு உண்மையான பலம் இருக்கிறது. அமெரிக்கத் தாக்குதல் ஹெலிகாப்டரான அப்பாச்சி முதலில் பறந்தது 1975-ல். அதன் குறைகளெல்லாம் அரை நூற்றாண்டாக வேறு நாடுகளின் பணத்திலும், சில சமயம் வேறு நாட்டு விமானிகளின் உயிரிலும் வெளியே வந்து, ஒவ்வொன்றாகச் சரிசெய்யப்பட்டவை. கையேடு, சிமுலேட்டர், ஆயுதம், பயிற்சி ஆசிரியர் எல்லாம் தயாராக இருக்கிறது. இருக்கும் ஹெலிகாப்டர்களின் ஆயுள் ஐந்தாறு வருஷத்தில் முடியப்போகிறது என்றால் கூட்டு உருவாக்கம் அதற்குள் வந்து சேராது. எதிர் அணியிடம் முதலில் இதைக் கேளுங்கள்: "இப்போது பறப்பவை எந்த வருஷம் நிற்கப்போகின்றன?"

ஆனால் 'இப்போதே' என்ற சொல்லை ரொம்ப நம்பாதீர்கள். இந்தியத் தரைப்படை 6 அப்பாச்சிகளுக்கு ஒப்பந்தம் போட்டது 2020-ல். அவற்றுக்கான படைப்பிரிவை 2024 மார்ச்சில் ஜோத்பூரில் தொடங்கினார்கள். முதல் 3 ஹெலிகாப்டர்கள் வந்து இறங்கியது 2025 ஜூலையில். ஒரு வருஷத்துக்கு மேல் ஆள் இருந்தும் வண்டி இல்லை. போலந்து 2024-ல் 96 அப்பாச்சிகளுக்குக் கையெழுத்திட்டபோது, அவை வரும்வரை பயிற்சிக்காக அமெரிக்கப் படையின் பழைய அப்பாச்சிகள் எட்டை வாடகைக்கு எடுக்கவும் ஏற்பாடு செய்துகொண்டது. எனக்குப் பிடித்த ஏற்பாடு அது. வண்டி வந்து இறங்கும் நாளில் அதைத் தொட்டுப் பழகிய கைகள் இருக்கும்.

நான் எந்தப் பக்கம் என்று கேட்டீர்கள். அவசரத் தேவைக்கு வாங்குவேன், மொத்தத் தேவைக்கும் வாங்க மாட்டேன். ஏன் என்பது கீழே உள்ள கடிதங்களுக்கான பதில்களில் வரும்.

கேள்வி: ஐரோப்பாவில் பெரிய நாடுகள் சேர்ந்து செய்த டைகர் ஹெலிகாப்டரை ஆஸ்திரேலியா வாங்கிவிட்டுப் பிறகு கைவிட்டதாமே? கூட்டு முயற்சி என்றாலே இப்படித்தானா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர்

பதில்: இப்படித்தான் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் கூட்டில் என்னென்ன தப்பு நடக்கலாம் என்று படிக்க டைகரை விட நல்ல பாடம் இல்லை.

பிரான்ஸும் மேற்கு ஜெர்மனியும் 1984-ல் சேர்ந்தன. முதல் டைகர் 1991-ல் பறந்தது. அதே வருஷம் சோவியத் யூனியன் கலைந்தது. ஜெர்மனிக்கு இந்த ஹெலிகாப்டர் வேண்டியிருந்ததே சோவியத் டாங்குகளைத் தடுப்பதற்குத்தான். எதிரி போனதும் பணமும் குறைந்தது, அவசரமும் குறைந்தது. உற்பத்தி ஒப்பந்தம் 1999-ல்தான் வந்தது. முதலில் நானூறுக்கு மேல் என்று போட்ட திட்டம், அந்த ஒப்பந்தத்தில் நாட்டுக்கு 80 வீதம் 160 ஆகச் சுருங்கியிருந்தது.

இதைவிட முக்கியமான கோளாறு ஒன்று உண்டு. பிரான்ஸ் மூக்கில் 30 மில்லிமீட்டர் பீரங்கி வேண்டும் என்றது. ஜெர்மனி பீரங்கி வேண்டாம், டாங்க் எதிர்ப்பு ஏவுகணையும், மரத்துக்குப் பின்னால் மறைந்துகொண்டே எட்டிப் பார்க்க ரோட்டருக்கு, அதாவது மேலே சுழலும் விசிறிக்கு, மேல் பொருத்திய கண்ணும் போதும் என்றது. இரண்டு பேருடைய ஆசையும் நிறைவேறியது, ஆனால் இரண்டு ஹெலிகாப்டராக. பிறகு ஸ்பெயினுக்கு ஒரு வகை, ஆஸ்திரேலியாவுக்கு ஒரு வகை. பட்டறையில் நிற்பவனாகச் சொல்கிறேன், பெயர் ஒன்றாக இருந்து உள்ளே வயரிங் வேறாக இருக்கும் இரண்டு வண்டிகள் பராமரிப்பவனுக்கு இரண்டு வண்டிகள்தான். கூட்டுச் சேருவதே செலவைப் பகிரத்தானே. வகை பிரியப் பிரிய அந்தப் பகிர்வு கரைந்துபோகிறது.

ஆஸ்திரேலியா 2001-ல் டைகரைத் தேர்ந்தெடுத்தபோது, தயாராக உள்ள பொருளை வாங்குகிறோம் என்றுதான் நினைத்தது. 22 ஹெலிகாப்டர்கள், அவற்றில் 18 பிரிஸ்பேனில் ஒன்றுசேர்க்கப்பட்டவை. வந்த பிறகுதான் அது இன்னும் வளர்ச்சி நிலையில் இருக்கும் பொருள் என்று அவர்களுடைய தணிக்கைத் துறையே எழுதியது. பழுதான பாகம் ஐரோப்பாவுக்குப் போய்த் திரும்ப வேண்டும். நான் மேலே சொன்ன மரப்பெட்டிக் கதைதான், கொஞ்சம் பெரிய அளவில். முழுச் செயல்திறன் கிடைத்துவிட்டது என்று அறிவிக்க 2016 ஆனது, திட்டமிட்டதைவிட ஏழு வருஷம் தாமதம். 2021-ல் மாற்றாக 29 அப்பாச்சிகளைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள்.

ஜெர்மனியும் டைகரின் அடுத்த மேம்பாட்டில் சேரவில்லை. 2022-ல் பிரான்ஸும் ஸ்பெயினும் மட்டும் கையெழுத்திட்டன. அடுத்த ஆண்டு ஜெர்மனி இலகுவகை எச்145எம் ஹெலிகாப்டருக்குப் போய்விட்டது. கூட்டாளி பாதி வழியில் இறங்கினால் மிச்சப் பேருடைய சுமை ஏறும். இது ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் நாளில் யாரும் பேச விரும்பாத விஷயம், அன்றைக்கே பேசியாக வேண்டிய விஷயம்.

அதே சமயம் பிரெஞ்சுப் படை அதே டைகரை ஆப்கானிஸ்தான், லிபியா, மாலி என்று கொண்டுபோய் நன்றாகவே பயன்படுத்தியது. அவர்களுக்கு அந்தப் பெட்டிக்கான சாவி வீட்டிலேயே இருந்தது. ஆஸ்திரேலியாவுக்கு இல்லை.

கேள்வி: சேர்ந்து செய்துவிட்டால் பிறகு யார் தயவும் வேண்டாம் அல்லவா?
— பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்

பதில்: என்ஜின் யாருடையது என்று பார்க்காமல் அப்படிச் சொல்ல முடியாது.

துருக்கி 2000-ஆம் ஆண்டு ஓர் அமெரிக்க ஹெலிகாப்டரைத் தேர்ந்தெடுத்துப் பல வருஷம் பேரம் பேசியது. பேச்சு முறிந்ததற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று மிஷன் கம்ப்யூட்டர், அதாவது ஆயுதத்தையும் சென்சாரையும் இணைத்து நடத்தும் மூளை. அதன் மென்பொருளில் கைவைக்கும் உரிமை வேண்டும் என்றது துருக்கி, கிடைக்கவில்லை. பிறகு 2007-ல் இத்தாலியின் ஏ129 ஹெலிகாப்டரை அடிப்படையாக வைத்து, அகஸ்டாவெஸ்ட்லேண்ட் நிறுவனத்தோடு சேர்ந்து டி129 அடாக்கை உருவாக்கியது. மிஷன் கம்ப்யூட்டரைத் தானே செய்தது, தன் ஏவுகணையைத் தானே பொருத்தியது. 2014-லிருந்து படையில் சேர்ந்தது. வெற்றிதான், சந்தேகமில்லை.

ஆனால் என்ஜின், அமெரிக்க நிறுவனம் ஒன்றும் பிரிட்டிஷ் நிறுவனம் ஒன்றும் கூட்டாகச் செய்வது. 2018-ல் பாகிஸ்தான் 30 அடாக் வாங்க ஒப்பந்தம் போட்டது. அந்த என்ஜினை ஏற்றுமதி செய்ய அமெரிக்கா அனுமதி தரவில்லை. வருஷக்கணக்கில் காத்திருந்து ஒப்பந்தம் வீணானது, பாகிஸ்தான் கடைசியில் சீனாவின் இசட்-10 பக்கம் போய்விட்டது. அதே அடாக்கை பிலிப்பைன்ஸ் கேட்டபோது அனுமதி கிடைத்தது, 2022-ல் முதல் இரண்டும் போய்ச் சேர்ந்தன. ஹெலிகாப்டர் ஒன்று, என்ஜின் ஒன்று. ஒரு நாட்டுக்குப் போகலாம், இன்னொன்றுக்குப் போகக் கூடாது என்பதை முடிவு செய்தவர் மூன்றாமவர். துருக்கி சொந்த என்ஜின் செய்யவும் இறங்கியது. ஆனால் என்ஜின்தான் இருப்பதிலேயே கஷ்டமான பாகம், ஒரு நாளில் வருகிற வித்தை இல்லை.

ஆகவே கூட்டு ஒப்பந்தத்தில் "40 சதவீத வேலை எங்கள் நாட்டில்" என்ற வரியைப் பார்த்து நான் சந்தோஷப்பட மாட்டேன். எந்த 40 என்று கேட்பேன். கதவும் வாலும் செய்து கொடுப்பது வேலைவாய்ப்பு. அது நல்லதுதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் போர்க்காலத்தில் கைகொடுப்பது என்ஜின், கியர்பாக்ஸ், ரோட்டர், மென்பொருள் இந்த நான்கில் எதுவோ அதுதான்.

கேள்வி: இரண்டுக்கும் நடுவே உரிமம் வாங்கி உள்நாட்டிலேயே தயாரிப்பது நல்ல வழி இல்லையா?
— ஒரு சிறுதொழில் முனைவோர்

பதில்: எண்ணிக்கை பெரிதாக இருந்தால் மட்டும். ஜப்பான் 62 அப்பாச்சிகளை உள்நாட்டிலேயே உரிமத்தோடு தயாரிக்கத் திட்டமிட்டது. விலை ஏறிக்கொண்டே போனதால் 13-ல் நிறுத்திவிட்டார்கள். 62-ஐ நம்பி உரிமத்துக்கும் கருவிகளுக்கும் பணம் கொட்டிய நிறுவனம் அரசின் மீதே வழக்குப் போட்டு வென்றது. நீங்கள் தொழில் செய்பவர், அச்சு வார்க்கும் செலவு எத்தனை உருப்படியில் பிரிகிறது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பிரிட்டன் தன் 67 அப்பாச்சிகளில் 59-ஐ உள்நாட்டிலேயே யோவில் நகரில் ஒன்றுசேர்த்தது, வேறு என்ஜின் போட்டு. பலமான என்ஜின்தான், விமானிகளுக்குப் பிடித்திருந்தது. ஆனால் அடுத்த தலைமுறைக்கு 50 வாங்கியபோது எல்லோரும் வைத்திருக்கும் அமெரிக்க என்ஜினோடு நேரடியாக வாங்கிவிட்டார்கள். வாங்கிய பொருளைத் தனக்கென்று மாற்றினால் உலகம் முழுக்கப் பகிரும் உதிரிபாகக் கிடங்கிலிருந்து கொஞ்சம் விலகி நிற்க வேண்டிவரும். வாங்குவதென்றால் மாற்றாமல் வாங்குவதே மேல் என்பது என் கட்சி.

கேள்வி: அதே விவாதப் போட்டியில் நான் எதிர் அணி. உங்களுக்கு என் தோழி கடிதம் எழுதிவிட்டாள் என்று தெரிந்து நானும் எழுதுகிறேன். கூட்டு உருவாக்கத்துக்கு ஆதரவாக ஒரே ஒரு வலுவான உதாரணம் தாருங்கள்.
— ஒரு கல்லூரி மாணவர்

பதில்: தாராளமாக, தம்பி. இந்தியாவின் பிரசண்ட் தாக்குதல் ஹெலிகாப்டர்.

1999-ல் கார்கில் மலைகளில் சண்டை நடந்தபோது அந்த உயரத்துக்கு ஏறிச் சுடக்கூடிய தாக்குதல் ஹெலிகாப்டர் இந்தியாவிடம் இல்லை. காற்று மெலிந்த இடத்தில் ரோட்டருக்குப் பிடிமானம் குறையும், என்ஜின் மூச்சுத் திணறும். எரிபொருளும் குண்டும் ஏற்றினால் மேலே போகாது. அப்படிப்பட்ட உயரத்துக்கென்றே வடிவமைத்த ஹெலிகாப்டர் எந்தக் கடையிலும் இல்லை, ஏனென்றால் வேறு யாருக்கும் அந்த அவசரம் இல்லை. தேவை உங்களுடையது மட்டும் என்றால் வாங்கும் வழி அங்கேயே அடைபட்டுவிடுகிறது. பிரசண்ட் 2010-ல் பறந்தது, 2015-ல் சியாச்சினில் சுமார் 4,800 மீட்டர் உயரத்தில் இறங்கிக் காட்டியது, 2022-ல் படையில் சேர்ந்தது. 2025 மார்ச்சில் 156-க்கு ஒப்பந்தம்.

இதில் கூட்டு எங்கே என்று கேட்பீர்கள். அதன் 'சக்தி' என்ற என்ஜின், இந்திய அரசின் விமானத் தயாரிப்பு நிறுவனமான எச்.ஏ.எல்.லும் ஒரு பிரெஞ்சு நிறுவனமும் சேர்ந்து உருவாக்கியது. ரோட்டரும் கியர்பாக்ஸும் எச்.ஏ.எல். முன்பே செய்த துருவ் ஹெலிகாப்டரிலிருந்து வந்தவை. அந்த துருவ் 1984-ல் மேற்கு ஜெர்மனியின் எம்.பி.பி. நிறுவனத்தின் துணையோடு தொடங்கியது. டைகரில் ஜெர்மனிக்காகச் சேர்ந்ததும் அதே நிறுவனம்தான், அதே வருஷம். எனக்கு இது எப்போதும் வியப்பான விஷயம். அந்த நிறுவனத்தோடு பிரான்ஸ் முழு ஹெலிகாப்டரைக் கூட்டாகச் செய்யப் போனது, இந்தியா வடிவமைக்கும் வித்தையைக் கூட இருந்து கற்றுக்கொள்ளப் போனது. கற்றவர் கையில் அது 38 வருஷம் கழித்துத் தாக்குதல் ஹெலிகாப்டராக நின்றது.

38 வருஷம் என்பதையும் மறைக்காமல் மேடையில் சொல்லுங்கள், எதிரணி சொல்லுமுன் நீங்களே சொல்வது நல்லது. பிரசண்டின் பீரங்கி பிரான்ஸிலிருந்து வந்தது என்பதையும் சொல்லுங்கள். இடைப்பட்ட காலத்தில் இந்தியா கைகட்டி நிற்கவில்லை, விமானப்படைக்கு 22, தரைப்படைக்கு 6 என்று அப்பாச்சி வாங்கியது. நான் மாணவிக்குச் சொன்ன பதிலும் இந்த வழிதான். வாங்கியவை இன்றைய காவலுக்கு, உருவாக்கியது நாளைய எண்ணிக்கைக்கு. மொத்தத்தையும் வாங்கிவிட்டால் உருவாக்குகிறவர்களுக்கு வாடிக்கையாளரே இருக்க மாட்டார்கள், பொறியாளர்கள் வேறு வேலை தேடிப் போய்விடுவார்கள். போனவர்களைத் திரும்பக் கூட்டி வருவது கியர்பாக்ஸைத் திரும்பப் பெறுவதைவிடக் கஷ்டம்.

கேள்வி: ட்ரோன் காலத்தில் தாக்குதல் ஹெலிகாப்டரே தேவையா? இரண்டு வழியுமே வீண்தானே?
— ஒரு வாசகி

பதில்: இந்தக் கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அமெரிக்கா கோமாஞ்சி என்ற ஹெலிகாப்டர் திட்டத்துக்கு ஏறக்குறைய 700 கோடி டாலர் செலவிட்டு, பறந்த இரண்டே முன்மாதிரிகளோடு 2004-ல் நிறுத்தியது. 2024-ல் இன்னொரு புதிய உளவு-தாக்குதல் ஹெலிகாப்டர் திட்டத்தையும் நிறுத்தியது, உக்ரைனில் பார்த்ததை வைத்து. ஜப்பான் தன் தாக்குதல் ஹெலிகாப்டர்களை விலக்கி ட்ரோன்களுக்கு மாறுவதாக 2022-ல் முடிவெடுத்தது.

மறுபக்கமும் இருக்கிறது. அதே உக்ரைனில் ரஷ்யாவின் கா-52 ஹெலிகாப்டர்கள் 2022-ல் தோளில் வைத்துச் சுடும் ஏவுகணைகளுக்கு வரிசையாகப் பலியாகின. 2023 கோடையில் அவையே தொலைவில் நின்று நெடுந்தூர ஏவுகணைகளால் கவச வண்டிகளை அடித்தன. ஹெலிகாப்டர் மாறவில்லை, நின்ற தூரமும் ஏந்திய ஏவுகணையும் மாறின.

ஆக, இன்று என்ன முடிவெடுத்தாலும் பத்து வருஷத்தில் அந்த ஹெலிகாப்டரில் வேறு ஏவுகணை, வேறு சென்சார், கூடவே பறக்கும் ட்ரோனுக்கான இணைப்பு என்று மாற்றிக்கொண்டே இருக்க வேண்டிவரும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் இன்னொரு நாட்டின் அனுமதியும் கட்டணமும் வரிசையும் என்றால் தாங்காது. கூட்டு உருவாக்கத்துக்குப் பணம் குறைவாகத்தான் இருக்கிறது என்றால், முழு ஹெலிகாப்டரை விட்டுவிட்டு மென்பொருளிலும் ஆயுத இணைப்பிலும் அந்தப் பணத்தைப் போடுங்கள் என்பேன்.

கேள்வி: என் மகன் ஹெலிகாப்டர் விமானி. வாங்கினார்களா, செய்தார்களா என்பதெல்லாம் எனக்குப் புரியாது. அவன் பறப்பது பத்திரமா என்று நான் எதை வைத்துத் தெரிந்துகொள்வது?
— ஒரு தாய்

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு நாள் சட்டைப்பையில் வைத்திருந்தேன்.

எந்த நாட்டு ஹெலிகாப்டர் என்பதைவிட, மாதா மாதம் எத்தனை மணி நேரம் பறக்கிறார் என்பதுதான் பத்திரத்துக்கு அடையாளம். உதிரிபாகம் வராவிட்டால் முதலில் குறைவது பயிற்சிப் பறப்பு. வண்டி நிற்கும், விமானியின் கை பழக்கம் விட்டுப்போகும். பிறகு அவசரம் என்று ஒரு ராத்திரியில் கூப்பிடுவார்கள். நான் பயந்த ராத்திரிகள் எல்லாம் அப்படிப்பட்டவைதான்.

அவர் லீவில் வரும்போது இடம், வேலை எதையும் கேட்க வேண்டாம், சொல்லவும் கூடாது. "நன்றாகப் பறக்கக் கிடைக்கிறதா, இல்லை தரையில் உட்கார்ந்திருக்கிறாயா?" என்று மட்டும் கேளுங்கள். பறந்து பறந்து அலுத்துப்போச்சு என்று அலுத்துக்கொண்டால் நீங்கள் நிம்மதியாகத் தூங்கலாம். என்ன சொன்னார் என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.